12ஆ, 15ஆ?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெண் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது.

உன் அலுவலகக் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரே வேலைக்கு ஒரு மேலாளர் 12ஆம் தேதி என்கிறார், இன்னொருவர் 15 என்கிறார். நீ இருவருக்கும் 'ஓகே சார்' சொல்லிவிட்டு ராத்திரி தூங்காமல் புரள்கிறாய்! நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஒருமுறை '03/04' என்று வந்ததை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொண்டேன். அனுப்பியவர் அமெரிக்கர், அவர் கணக்கில் அது மார்ச் 4. ஒரு வரி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இங்கிலீஷ் தப்பாகிவிடுமோ என்ற கூச்சம்தான் வாயைக் கட்டியது.

இப்போது நான் எழுதுவது இப்படி: 'தி மெயில் சேஸ் தி டுவெல்த், பட் தி ஷீட் சேஸ் தி ஃபிஃப்டீன்த். விச் ஒன் ஷுட் ஐ கோ வித்?' அதாவது மெயிலில் 12, ஷீட்டில், அந்த அட்டவணையில், 15, நான் எதை எடுத்துக்கொள்வது? கவனித்தாயா, மெயில் சொல்கிறது, ஷீட் சொல்கிறது, ஆள் எங்குமே இல்லை. 'யூ டோல்ட் மீ' என்று ஆரம்பித்தால் எதிராளி உடனே தற்காப்புக்குப் போய்விடுவார். நாமும் 'மெயிலில் இப்படிப் போட்டிருக்கு' என்றுதானே சொல்வோம், போட்டது யார் என்று சொல்லாமல்? அதே சூட்சுமம்தான்.

உன் விஷயத்தில் இரண்டு பேரையும் ஒரே மெயிலில் வைத்துக் கேள். தனித்தனியாகக் கேட்டால் மறுபடி இரண்டு பதில் வரும். ஃபோனில் முடிவானால், 'ஜஸ்ட் டு கன்ஃபர்ம்' என்று தொடங்கி ஒரு வரி எழுதிப் போட்டுவிடு.

அப்புறம், 'ஐ ஹாவ் எ டவுட்' வேண்டாம். நமக்கு அது வெறும் கேள்வி. வெளிநாட்டுக்காரர் காதில் 'எனக்கு நம்பிக்கையில்லை' என்று விழலாம். 'கொஸ்டின்' என்றே சொல். 'ஆஸ் பெர் மை லாஸ்ட் மெயில்' மரியாதையாகத் தெரியும், ஆனால் பலருக்கு அது 'படிக்கவே இல்லையா?' என்ற குத்தல். முரண்பாட்டைச் சொல்லும் 'டிஸ்கிரெபன்சி' கணக்குத் தணிக்கை வாடை அடிக்கும் சொல், தேதிக் குழப்பத்துக்கு எதற்கு அவ்வளவு கனம்?

பதிலே வராவிட்டால், 'அன்லெஸ் ஐ ஹியர் அதர்வைஸ், ஐ வில் கோ வித் தி டுவெல்த்' என்று எழுதலாம், அதாவது வேறு மாதிரி சொல்லாவிட்டால் 12ஐயே எடுத்துக்கொள்கிறேன் என்று. திருத்திக்கொள்ளக்கூடிய வேலைக்கு மட்டும்தான் இது. பண விஷயத்தில் தெளிவான பதில் வாங்காமல் நகராதே.

கூச்சமே வேண்டாம்டா. 'பைவீக்லி' என்றால் வாரம் இருமுறையா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா? அகராதியில் இரண்டு பொருளும் இருக்கிறது. 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' எந்த வெள்ளி என்று இங்கிலீஷே தாய்மொழியானவர்களும் கேட்டுக்கொள்கிறார்கள்.

அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல். கடைசியில் 12ஆ, 15ஆ என்று எனக்கும் எழுது. இப்போது எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்