கதவுக்கு வெளியே இருந்தவர்கள்

அன்பு மகன் அந்தோணிக்கு,

இயேசுவுக்குப் புகழ். அம்மாவும் தங்கையும் நானும் நலம். போனில் நான் பேச ஆரம்பித்தால் "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசிவரை படிப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நண்பர்களோடு இருந்த அறையைக் காலி செய்துவிட்டுத் தனி அறைக்குப் போய்விட்டாயாம். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "என் பாதுகாவலரே வனத்தில் தனியாகத்தானே இருந்தார், நானும் அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்" என்றாயாம். அம்மா அதைக் கேட்டு அன்று சாப்பிடவில்லை. சித்திரையில் நடந்ததைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. அவர்கள் வீட்டுப் பக்கமும் நாங்கள் போகவில்லை. நான் எழுத வந்தது நீ சொன்ன அந்தப் பாதுகாவலரை, உனக்குப் பெயர் கொடுத்த வனத்து அந்தோணியாரைப் பற்றித்தான். உபதேசியாராக இருந்த காலமெல்லாம் திருநாளில் அவர் வரலாற்றை வாசித்தவன் நான். நீ சொன்னதுபோல் அவர் இருக்கவில்லை.

எகிப்தில் கோமா என்ற ஊரில் 251-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். வசதியான கிறிஸ்தவக் குடும்பம். பதினெட்டு, இருபது வயதில் தாயும் தகப்பனும் இறந்துபோக, வீடும் நிலமும் ஒரு சின்னத் தங்கையும் அவர் பொறுப்பில் வந்தன. ஆறு மாதம்கூட ஆகவில்லை. கோயிலில் நற்செய்தி வாசிக்கிறார்கள்: உனக்கு உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு, பிறகு வந்து என்னைப் பின்செல். தனக்கென்றே வாசித்ததாக எடுத்துக்கொண்டு, நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் தங்கையை நடுத்தெருவில் விட்டுவிட்டுக் கிளம்பவில்லை. நம்பிக்கைக்குரிய கன்னியரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். அந்தப் பெண் பின்னாளில் மற்றக் கன்னியருக்குத் தலைவியாக மூப்படைந்திருந்ததைக் கண்டு அவர் மகிழ்ந்தார் என்று அத்தனாசியார் எழுதியிருக்கிறார். அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார் அவரை நேரில் அறிந்தவர், அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் வரலாற்றை எழுதியவர்.

தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை நீ ஒரு பருவமும் தவறவிட்டதில்லை. ஊரில் யார் கேட்டாலும் நான் தலை நிமிர்ந்து சொல்கிறேன். ஆனால் அவளோடு பேசி எவ்வளவு காலமாகிறது? அவள் எதுவும் சொல்வதில்லை. உன் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

கல்லறைக் கதையை மறந்திருக்கமாட்டாய். ஊருக்கு வெளியே ஒரு கல்லறைக்குள் அவர் தங்கியிருந்தபோது பேய்கள் வந்து அடித்துப் போட்டன. சிறுவனாக இருந்தபோது அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாய். நான் இப்போது சொல்ல வருவது அடுத்து நடந்ததை. அவருக்குத் தெரிந்த ஒருவர் பல நாளுக்கு ஒருமுறை ரொட்டி கொண்டுவருவார். அவர்தான் கதவைத் திறந்து, செத்தவர்போல் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு ஊர்க் கோயிலில் கிடத்தினார். உறவினரும் ஊராரும் பிணத்தைச் சுற்றி உட்காருவதுபோல் சுற்றி உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் கண் விழித்த அந்தோணியார், எல்லோரும் உறங்க அந்த ஒருவர் மட்டும் விழித்திருப்பதைப் பார்த்தார். சாடை காட்டி அழைத்து, தன்னைத் திரும்பத் தூக்கிப்போகச் சொன்னார். நிற்கவும் முடியாமல் படுத்தபடியே செபித்தார். "எனக்கு எதிராக ஒரு படையே பாளையமிறங்கினும், என் உள்ளம் அஞ்சாது" என்ற திருப்பாடலைப் பாடியது அப்போதுதான்.

அந்த மனிதர் வராமல் இருந்திருந்தால்? வரலாற்றில் அவருக்குப் பெயர்கூட இல்லை. ஆனால் அவர் இல்லாமல் வனத்து அந்தோணியார் இல்லை. உனக்குக் காய்ச்சல் வந்தால் அந்த அறைக் கதவை யார் திறப்பார்கள், மகனே? முன்பு இருந்த அறையில் அந்த மதுரைப் பையன் கஞ்சி வைத்துக் கொடுத்தான் என்று நீதான் சொன்னாய். அவனிடமாவது ஒரு சாவியைக் கொடுத்து வை.

பிறகு பிஸ்பிர் மலையில் பாழடைந்த கோட்டைக்குள் இருபது ஆண்டுகள் இருந்தார். யாரும் உள்ளே வரவில்லை, உண்மைதான். ஆண்டுக்கு இருமுறை ரொட்டி மட்டும் மேலே இருந்து இறக்கினார்கள். ஆனால் வெளியே நண்பர்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கதவுக்கு உள்ளிருந்தே பதில் சொன்னார். கடைசியில் அவர்களே கதவைப் பெயர்த்துத் திறந்தபோது, மெலியவும் இல்லை, பருக்கவும் இல்லை, முன்பு இருந்தபடியே வெளியே வந்தார். வந்ததும் என்ன செய்தார்? துயரப்பட்டவர்களைத் தேற்றினார், சண்டையிட்டவர்களைச் சேர்த்துவைத்தார். 311-ஆம் ஆண்டு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய வேதகலாபனையின்போது அலெக்சாந்திரியாவுக்கே போய், சிறையிலும் சுரங்கங்களிலும் கிடந்த விசுவாசிகளுக்குப் பணிவிடை செய்தார். வனம் அவரை மனிதர்களிடமிருந்து பிரிக்கவில்லை.

பேரரசர் கான்ஸ்டன்டைனும் அவர் மகன்களும் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அவருக்கு அதில் பெரிய நாட்டமில்லை. பேரரசர் எழுதியதில் என்ன வியப்பு, அவரும் மனிதர்தானே, கடவுள் நமக்குத் தம் மகன் வழியாகப் பேசினாரே, அதற்கல்லவா வியக்கவேண்டும் என்றார். ஆனாலும் எழுதியவர்கள் அவமதிப்பாக நினைத்துவிடக்கூடாது என்று மற்றத் துறவிகள் வற்புறுத்தியதும் பதில் எழுதினார். வனத்தில் இருந்தவர் பதில் எழுதினார். உன் அம்மா அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு நீ பதில் போடுவதில்லை. பணம் வந்த செய்தி முதல் தேதி வங்கியிலிருந்து வருகிறது. அதைப் பார்த்துத்தான் நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்துகொள்கிறோம்.

நீ சோர்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதற்கும் அவரிடம் வழி இருக்கிறது. வனத்துத் தந்தையரின் பொன்மொழித் தொகுப்பில் முதலாவதாக வருவதே அதுதான். ஒருநாள் மனம் மிகவும் தளர்ந்து, இருள் சூழ்ந்து, "ஆண்டவரே, மீட்படைய விரும்புகிறேன், என் எண்ணங்கள் விடுவதில்லை, என்ன செய்வேன்?" என்று கேட்டார். எழுந்து வெளியே வந்தபோது, தன்னைப்போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அவர் வேலை செய்வார், எழுந்து செபிப்பார், மறுபடி உட்கார்ந்து திரிப்பார், மறுபடி எழுந்து செபிப்பார். அது வானதூதர். "இப்படிச் செய், மீட்படைவாய்" என்று குரல் கேட்டது. எனக்கு இதைவிடப் பெரிய அறிவுரை தெரியாது. பேய்களை வென்ற கதையைவிட இது பெரிது என்று நினைக்கிறேன். வேலை, செபம், வேலை, செபம். அழுதுகொண்டேகூடச் செய்யலாம்.

முழுச் செபமாலை சொல்ல முடியாவிட்டால் விடு. எகிப்தின் வனத்துறவிகள் நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வரியைக் காசியன் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார், எழுபதாம் திருப்பாடலின் முதல் வரி: "கடவுளே, என்னை விடுவித்தருளும், ஆண்டவரே, எனக்கு உதவி செய்ய விரைந்து வாரும்." குருக்கள் இன்றும் தங்கள் அன்றாடச் செபமான திருப்புகழ்மாலையை இதைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள். வேலைக்குப் போகும் வண்டியில் சொல். சமைக்கும்போது சொல். சமை, வெளியே வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. தூக்கம் வராத இரவில் சொல். வெள்ளிக்கிழமைத் திருப்பலிக்குப் போ. பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் போதும், போ.

கல்லறையில் வேதனை தீர்ந்து ஒளி தெரிந்தபோது, "எங்கே இருந்தீர்? முதலிலேயே ஏன் வரவில்லை?" என்று அந்தோணியார் ஆண்டவரிடம் கேட்டார். அந்தக் கேள்வி உனக்கும் இருக்கும். எனக்கும் சித்திரையிலிருந்து இருக்கிறது. "அந்தோணி, நான் இங்கேதான் இருந்தேன், உன் போராட்டத்தைக் காணக் காத்திருந்தேன்" என்று பதில் வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து அளவில். உன்னைவிடச் சற்றே மூத்தவர். 356-இல் இறக்கும்போது நூற்றைந்து. கடைசிப் பதினைந்து ஆண்டுகள் இரண்டு சீடர்கள் உடனிருந்து பார்த்துக்கொண்டார்கள். அப்போதும் தனியாக இல்லை.

மேற்கு வயல், புதுப் பங்குச்சாமியார், தங்கையின் தேர்வு என்று எழுத நிறைய இருந்தது. எதுவும் எழுத ஓடவில்லை.

ஜனவரி 8 கொடியேற்றம், 17 திருநாள். விடுப்புக் கேள். பொங்கலும் சேர்ந்து வருவதால் கேட்பது எளிது. கோயிலில் யாரும் உன்னை எதுவும் கேட்கமாட்டார்கள், நான் பக்கத்தில் இருப்பேன். விடுப்புக் கிடைக்காவிட்டால் நவநாள் ஒன்பது நாளும் மாலையில் போன் செய். அம்மா செபம் சொல்லட்டும், நீ "ஆமென்" மட்டும் சொன்னால் போதும். வருகிறாயா இல்லையா என்பதை இந்த வாரமே சொல்லிவிடு, சப்பரத்துக்கு நம் வீட்டுப் பூமாலைக்கு முன்பணம் கொடுக்கவேண்டும். அறைச் சாவியை அந்த மதுரைப் பையனிடம் கொடுத்துவிட்டாயா என்பதையும் சொல்.

அன்புடன்,
அப்பா