பாடக்குறிப்புக் கேட்ட மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

தொழில்முனைவோரின் பண்புகளையும் கணினி வேலையிடப் பாதுகாப்பையும் ஒரே பாடத்தொகுப்பாக மாணவர்களுக்கு நடத்த வேண்டியிருக்கிறது, பழைய குறிப்புகள் இருந்தால் கொடுங்கள் அப்பா என்று நீ அனுப்பிய குறுஞ்செய்திக்குப் பிறகு உன்னிடமிருந்து பேச்சே இல்லை. அம்மா அழைத்தால் நீ எடுப்பதில்லை. வேலை, பிறகு பேசுகிறேன் என்று ஒரு வரி வருகிறது, அதுவும் நள்ளிரவு தாண்டி. பகலில் வகுப்பும் இரவில் தோழியுடன் தொடங்கிய நிறுவனத்தின் வேலையுமாக நீ இருப்பதை நான் அறிவேன். ஆகையால் தொலைபேசியில் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். பாடத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என் பழைய குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. நான் பயிற்றுவித்த காலத்தில் மேசைமேல் இருந்தவை கண்ணாடிக் குழாய்த் திரைகள். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அவற்றுக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும் என்பதால், பின்மூடியைத் திறக்காதே என்பதுதான் முதல் நாள் பாடம். இன்று உன் மாணவர்களின் மடியில் இருக்கும் கருவி யாரையும் அப்படித் தூக்கி எறியாது. அது மெதுவாக, கழுத்திலும் கண்ணிலும் மணிக்கட்டிலும் வேலை செய்கிறது. உடனே வலிக்காத ஆபத்தை நம்ப வைப்பது ஆசிரியருக்குக் கடினம், இளைய பிள்ளைகளிடம் இன்னும் கடினம்.

பாதுகாப்பு என்றதும் தலைக்கவசமும் கட்டுமானத் தளமும்தான் அவர்கள் நினைவுக்கு வரும். அதில் வியப்பில்லை. 2004-ஆம் ஆண்டு இங்கே சிங்கப்பூரில் ரயில் சுரங்கப் பணியின்போது நிக்கல் நெடுஞ்சாலை சரிந்து நான்கு பேர் இறந்ததும், அதே ஆண்டில் நடந்த மற்றப் பெரிய விபத்துகளும் சேர்ந்துதான் நம் நாட்டின் பாதுகாப்பு முறையையே மாற்றின. 2006 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலில் ஆபத்து மிகுந்த இடங்களுக்கே பொருந்தியது. 2011 செப்டம்பரில்தான் அலுவலகங்கள் உட்பட எல்லா வேலையிடங்களுக்கும் அது விரிந்தது. இந்த வரலாற்றை நீ சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். ஆபத்தை உண்டாக்குபவரே அதை அதன் தோற்றுவாயிலேயே குறைக்க வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் அடித்தளம். அந்த ஒரு கருத்தை உள்வாங்கிய மாணவன் மற்ற விதிகளைத் தானே யோசித்துக் கண்டுகொள்வான்.

அடுத்துக் கட்டுப்பாட்டு வரிசையைக் கற்றுக்கொடு. முதலில் ஆபத்தையே நீக்கப் பார், முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த ஒன்றை மாற்றாக வை, பிறகு கருவியையோ இடத்தையோ திருத்து, அதன் பிறகே வேலை நேரத்தையும் முறையையும் ஒழுங்குபடுத்து, எல்லாம் போதாதபோது மட்டும் உடலில் எதையாவது அணி. தொழிற்சாலைக்கு எழுதப்பட்ட இந்த வரிசையைத் தங்கள் சொந்த மேசைமேல் வைத்துப் பார்க்கும்படி மாணவர்களிடம் சொல். மடிக்கணினியின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. திரையும் விசைப்பலகையும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், கை சரியான உயரத்தில் இருந்தால் கழுத்து குனிகிறது, கழுத்தை நிமிர்த்தத் திரையை உயர்த்தினால் கை தூக்கி நிற்கிறது. தனி விசைப்பலகையும் தனிச் சுட்டியும் வாங்கி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி உயர்த்துவதே கருவியைத் திருத்துவது. கடையில் வாங்கிய மணிக்கட்டுப் பட்டையைச் சுற்றிக்கொண்டு அதே மேசையில், அதே கணினியில், அதே நேரம் வரை தட்டிக்கொண்டிருப்பதற்கு அந்த வரிசையின் கடைசி இடத்தைக்கூடத் தர எனக்கு மனம் வரவில்லை.

தீபாவளியன்று உன் கையில் அந்தப் பட்டையைப் பார்த்தேன். முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டு மறைத்தாய். காப்பித் தம்ளரை இடக்கையால் வாங்கினாய். பெரியவர்களிடமிருந்து எதையும் இடக்கையால் வாங்காதவள் நீ. விருந்தினர் முன்னால் கேட்க எனக்கு மனமில்லை, பிறகு கேட்க நீ வாய்ப்புத் தரவில்லை.

பாடத்துக்கு வருகிறேன். திரை ஒரு கை நீளத் தொலைவில் இருக்க வேண்டும், முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க வேண்டும், பாதம் தரையில் முழுமையாகப் படிய வேண்டும் என்பதையெல்லாம் நீ படமாகவே காட்டிவிடலாம். எஸ்எஸ் 514 என்று அலுவலகப் பணிச்சூழலுக்கென்றே ஒரு சிங்கப்பூர்த் தரநிலை இருக்கிறது என்பதையும் சொல். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது, அதனால்தான் கண் வறண்டு எரிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபதடி தொலைவில் உள்ள எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். ஆனால் எவ்வளவு சிறந்த நாற்காலியானாலும் ஒரே நிலையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதை ஈடுசெய்யாது என்பதை அழுத்திச் சொல். எழுந்து நடப்பதற்கு மாற்று இல்லை. மின்சாரத்தைப் பற்றி நீண்ட பாடம் வேண்டாம்: ஒரு நீட்டிப்புப் பெட்டியில் இன்னொன்றைச் செருகக் கூடாது, பாதுகாப்புச் சின்னம் இல்லாத மின்னூட்டி வேண்டாம், உப்பிப் போன மின்கலத்தை அன்றே அகற்ற வேண்டும், எரியும் கருவிமேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. இந்த நான்கையும் சொன்னால் போதும். உன் பொங்கோல் வீட்டு வரவேற்பறையில் இரண்டு நீட்டிப்புப் பெட்டிகள் கோத்துக் கிடந்தன. அவற்றை இன்றே மாற்று.

தொழில்முனைவோர் பண்புகளைப் பொறுத்தவரை, துணிவு, தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைக்காதே. அந்தப் பட்டியலால் எந்தப் பிள்ளையும் மாறியதை நான் பார்த்ததில்லை. ஹார்வர்டில் இருந்த உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், தரையில் நிறுத்திய முளைக்குச்சியில் விழும்படி வளையம் எறியும் ஆட்டத்தை வைத்து ஒரு சோதனை செய்தார். எங்கே நின்று எறிவது என்பதை ஆடுபவரே தீர்மானிக்கலாம். சாதிக்கும் வேட்கை மிகுந்தவர்கள் முளைக்கு மிக அருகிலும் நிற்கவில்லை, வெறும் அதிர்ஷ்டத்தை நம்பும் தொலைவிலும் நிற்கவில்லை. திறமை காட்டினால் விழும், காட்டாவிட்டால் விழாது என்ற நடுத் தொலைவில் நின்றார்கள். அதே மெக்லெலண்ட் 1960-களில் ஆந்திரத்துக் காக்கிநாடாவில் சிறு வணிகர்களுக்குப் பயிற்சி நடத்தி, இந்த மனப்பாங்கைக் கற்பிக்க முடியும் என்று நிறுவ முனைந்தார். வகுப்பில் ஒரு முளையையும் சில வளையங்களையும் கொடுத்துப் பார். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதிலிருந்து ஒரு மணி நேரம் பேசலாம்.

நம் ஊர் எடுத்துக்காட்டு வேண்டுமானால் சிம் வோங் ஹூவைச் சொல். நீ ஆன் (Ngee Ann) என்ற பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தவர், 1981-இல் பெர்ல்ஸ் சென்டரில் சிறிய கணினி பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கினார். சீனம் பேசக்கூடிய கணினியைச் செய்தார், அது எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1989-இல் வந்த, கணினிக்கு ஒலி தரும் சவுண்ட் பிளாஸ்டர் ஒலியட்டைதான் அவரை உலகறியச் செய்தது. வெற்றியை மட்டும் சொல்லாமல் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளையும் சேர்த்துச் சொல். எட்டு ஆண்டு ஓட வேண்டியவர் முதல் ஆண்டிலேயே உடம்பைச் செலவழித்துவிடக் கூடாது என்பதையும் அங்கேயே சேர்த்துச் சொல்லலாம்.

முதல் வாரம் தொழில்முனைப்பு, இரண்டாம் வாரம் பாதுகாப்பு என்று நீ பிரித்து நடத்தப் போவதாக எழுதியிருந்தாய். அப்படிப் பிரிக்காதே என்பதுதான் என் உறுதியான கருத்து. பிறரிடம் வேலை பார்ப்பவருக்கு ஒரு மேலாளர் இருக்கிறார், முதலாளிக்குச் சட்டப்படி கடமை இருக்கிறது, வேலையில் காயம்பட்டால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, மாதந்தோறும் மத்திய சேமநிதியில் முதலாளியின் பங்கு விழுகிறது. தனக்குத் தானே முதலாளியாகிறவருக்கு இவற்றில் எதுவும் தானாக வருவதில்லை. இழப்பீட்டுச் சட்டம் சுயதொழில் செய்பவரைக் காப்பதில்லை. ஆண்டு நிகர வருமானம் 6,000 சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டினால், மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்புக் கணக்கில் அவரே பணம் போட வேண்டும். போதும், எழுந்திரு என்று சொல்ல மேலே யாரும் இல்லை. ஆகவே தன் இடரைத் தானே மதிப்பிட்டுத் தானே கட்டுப்படுத்தத் தெரிவது தொழில்முனைவோரின் பண்புகளுள் ஒன்று. வளையம் எறிபவர் எங்கே நிற்பது என்று கணக்கிடுவதும், மேசையில் உட்காருபவர் எப்போது எழுவது என்று கணக்கிடுவதும் ஒரே அறிவுதான். இன்னொன்றையும் சொல். நாளை அந்த மாணவன் ஒருவரை வேலைக்கு வைத்தால், அந்த ஒருவரின் நாற்காலிக்கும் அவனே பொறுப்பு. சித்தப்பா கடையில் வேலை பார்த்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ நிறுவனம் தொடங்கியதை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அது பெருமை. கடனே வாங்காமல், சேமிப்பில் ஒரு பகுதியை மட்டும் போட்டு, வேலையை விடாமல் தொடங்கினாய் என்று சித்தி சொன்னபோது, என் மகள் சரியான தொலைவில்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அதைச் சித்தி சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பது எனக்கு வருத்தம். அம்மாவுக்கு இன்னும் வருத்தம். நான் தடுப்பேன் என்று நினைத்தாயா? உன்னை எதிலாவது தடுத்திருக்கிறேனா?

ஒன்றை மட்டும் நேராகக் கேட்கிறேன். இரவில் கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறாயா? கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மோதிரவிரலின் பாதியும் மரத்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருக்கிறதா? அப்படியானால் மணிக்கட்டின் குறுகிய வழியில் செல்லும் நடு நரம்பு அழுத்தப்படுகிறது என்று ஐயப்பட இடமிருக்கிறது. எல்லாவற்றுக்கும் கணினியே காரணம் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோயும் தைராய்டுக் கோளாறும் அதைக் கொண்டுவரும், நம் குடும்பத்தில் சர்க்கரை யாரை விட்டது? அதனால்தான் பட்டையை நீயே வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்கிறேன். தொடக்கத்தில் காட்டினால் எளிதாகச் சரிசெய்யக்கூடியது, கட்டைவிரலின் அடித்தசை மெலியும் வரை விட்டுவிட்டால் முழுமையாக மீளாமலும் போகலாம். தனி விசைப்பலகை வாங்கு. மருத்துவரிடம் காட்டு. தனி விசைப்பலகையை இந்த வாரமே வாங்கு.

வரும் புதன்கிழமை காலை அம்மாவை ஈசூன் பலதுறை மருந்தகத்துக்குச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். உனக்கு அன்று காலையில் வகுப்பில்லை என்று நினைக்கிறேன். நீயும் முன்பதிவு செய்துகொண்டு வா. அம்மாவிடம் அவளுக்குத் துணையாக வருவதாகச் சொல்லிக்கொள், நான் வேறெதுவும் சொல்ல மாட்டேன். போன முறை நான் அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாய். இந்த முறை இரண்டு நல்ல நாற்காலிகளுக்கும் இரண்டு விசைப்பலகைகளுக்கும் ஆகும் தொகையைப் போட்டிருக்கிறேன், ஒன்று உனக்கு, ஒன்று உன் தோழிக்கு. நன்கொடையாக வேண்டாம் என்றால் நிறுவனக் கணக்கில் கடன் என்று எழுதிக்கொள், வட்டி இல்லை. பாடக்குறிப்பை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா