9.7-க்கு ஏது வண்டி?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய்.

பயலைக் கோடிங் வகுப்பில் சேர்க்கப் பணம் கட்டட்டுமா என்று கேட்டாயே, இந்த லீவுக்கு வேண்டாம். உன் பழைய லேப்டாப்பில் பைத்தான் என்கிற புரோகிராம் மொழியை அவனே இறக்கிக்கொண்டான். காசு கிடையாது. முதல் வாரம் முழுக்க ஆமைதான், சொன்னபடி திரையில் நகர்ந்து கோடு போடுமே அது. நீ பள்ளிக்கூடத்தில் லோகோவில் ஓட்டினாயே, அதே ஆமை இதற்குள்ளும் இருக்கிறது. நட்சத்திரம் வரைகிறேன் என்று 72 டிகிரி திருப்பினான், ஐங்கோணம் வந்தது. 144 என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

சிவப்பில் பிழை வந்தால் முதலில் மூடி வைத்துவிட்டு ஓடுவான். கடைசி வரியை மட்டும் படித்துக் காட்டு என்றேன். என்ன தப்பு என்று அங்கேதான் எழுதியிருக்கிறது. இப்போது ஓடுவதில்லை.

ஆனால் புதன்கிழமை சிவப்பே வரவில்லை. பைகுலா மிருகக்காட்சி சாலை ராணி பாகில் பென்குயின் பார்க்கப் போக வேண்டுமாம், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று பார்க்க வேண்டுமாம், அதற்கு ஒரு புரோகிராம். மாட்டுங்காவில் ஏறினால் தாதர், பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்லி, ஐந்தாவது பைகுலா. ஸ்டேஷனுக்கு 4 நிமிடம் என்று 20 நிமிடம் வைத்துக்கொண்டான். (4 ஜாஸ்திதான். ரயில்வேக்காரன் நான், வாயை அடக்கிக்கொண்டேன்.) வண்டி ஏறும் நேரம் 9.50-உடன் 0.20-ஐக் கூட்டினான். திரையில் 9.7 என்று வந்தது.

"தாத்தா, 9.7-க்கு ஏது வண்டி?"

"எனக்குத் தெரியாதுப்பா, நீ எழுதினதை ஒவ்வொரு வரியாகச் சொல்லு" என்றேன். சொல்லிக்கொண்டே வந்தவன் கூட்டல் வரியில் நின்றுவிட்டான். "மணிக்கு அறுபதுதானே, இது நூறு என்று நினைத்துக் கூட்டியிருக்கிறது!" அப்புறம் சாப்பாடு ஆறியது. எல்லாவற்றையும் நிமிடமாக்கினான்: 590, அதோடு 20, மொத்தம் 610. இரண்டு சாய்கோடு போட்டு 60-ஆல் வகுத்தால் ஈவு, சதவீதக் குறி போட்டால் மீதி. 10:10 வந்தது. அம்மாவை அடுக்களையிலிருந்து இழுத்து வந்து காட்டினான்.

உனக்கு நான் இப்படி உட்காரவில்லை. வட்டிக் கணக்கில் நீ தடுமாறினால் பென்சிலைப் பிடுங்கி நானே போட்டுவிடுவேன். நீ சும்மா பார்த்துக்கொண்டிருப்பாய். சொல்லிக்கொடுக்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். இவனிடம் பிடுங்க எனக்கு ஒன்றும் தெரியாது. பயலின் அதிர்ஷ்டம்!

நேற்று 9.45 கொடுத்துப் பார்த்திருக்கிறான். 10:5 என்று வருகிறது. "எந்த போர்டில் தாத்தா இப்படிப் போடுவான்?" என்று 5-க்கு முன்னால் வர வேண்டிய பூஜ்யத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான். ராத்திரி உனக்குப் போன் பண்ணுவான். உனக்கு ஒரு வரி வேலை, தெரியும். சொல்லிவிடாதே.

அம்மா நார்த்தங்காய் போட்டிருக்கிறாள். அவன் திரும்பும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா
மாட்டுங்கா