ஓடையை மூடிவிட்டு சென்சார் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்மார்ட் சிட்டி என்றாலே கேமரா, நீர்மட்டம் போன்றவற்றை அளக்கும் சென்சார், கட்டுப்பாட்டு அறையில் பெரிய திரை என்றே பேசுவது கவலையாக இருக்கிறது. வெள்ளம் வந்ததைத் திரை காட்டும், சரி, அந்தத் தண்ணீர் எங்கே போகும்? சாலையோரம் ஒரு பிடி மண்கூட விடாமல் சிமென்ட் கல் பதித்து, மரத்தின் அடியையும் கழுத்தை நெரிப்பதுபோல் சுற்றி மூடிவிட்டால் மழைநீர் நிலத்துக்குள் இறங்க வழியே இல்லை. 2050-ல் உலக மக்களில் 68 சதவீதம் பேர் நகரங்களில் இருப்பார்கள் என்று ஐ.நா. 2018-ல் கணித்தது. அந்த நகர மக்கள்தொகைப் பெருக்கம் பெரும்பாலும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும்தான்.

தென்கொரியத் தலைநகர் சியோலைப் பாருங்கள். சோங்யேசோன் ஓடையை மூடிப் போட்டிருந்த சாலையையும் அதற்கு மேலே ஓடிய மேம்பாலத்தையும் இடித்துவிட்டு, 2005-ல் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டருக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். ஆனால் அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஹான் நதியிலிருந்து இறைத்து விடுவதுதான். தொலைத்த நீர்வழியை மீட்பது அவ்வளவு சிரமம் என்பதால், இப்போது வேகமாக வளரும் நகரங்களாவது ஓடையையும் குளத்தையும் முதலில் வரைபடத்தில் குறித்துவிட்டு, அப்புறம் சாலை போடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்