மார்ச் 3 சாயங்காலம் கிழக்கே பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தங்கள் நாளிதழ் இருபது வருடமாகக் கடைக்கு வருகிறது. ராசிபலன் பக்கத்தை நாலைந்து பேர் நின்று வாசித்த பிறகுதான் என் கைக்கு வரும். அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

குரு மிதுனத்தில் இருக்கிறது என்று போடுகிறீர்கள். சரி. அந்தக் குருவை இந்தப் பிப்ரவரி மாதம் ராத்திரி பத்து மணி வாக்கில் வாசலுக்கு வந்து நிமிர்ந்தாலே பார்க்கலாம், உச்சியில் நிற்கிறது, நிலவை விட்டால் அந்நேரம் அதுதான் அத்தனை வெளிச்சம் என்று கூட ஒரு வரி சேர்த்தால் என்ன? எங்கள் ஊருக்கு நவபாஷாணத்தைச் சுற்ற எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லையும் நவக்கிரகங்களாகச் சுற்றிக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களில் எத்தனை பேர் சனியையோ செவ்வாயையோ கண்ணால் கண்டிருப்பார்கள்? கேட்டுப் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேர், "அதெல்லாம் நம்ம கண்ணுக்குத் தெரியுமா அண்ணே?" என்றுதான் திருப்பிக் கேட்டார்கள். தெரியும். ஐந்து கிரகங்கள் வெறும் கண்ணுக்கே தெரியும்.

வரும் 2026 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை முழுச் சந்திர கிரகணம். மாசி மகத்தை ஒட்டி வருகிற பௌர்ணமி அது. முழுக் கிரகணம் நம் நேரப்படி மாலை 4.34 முதல் 5.33 வரை. அப்போது நமக்கு நிலவே உதித்திருக்காது. ஆனால் 6.25 மணி வாக்கில் மேற்கே சூரியன் இறங்கும்போது, கிழக்கே கடலுக்குள்ளிருந்து நிலவு வெளியே வரும். ஏறத்தாழ கால்வாசி இன்னும் பூமியின் நிழலுக்குள் இருக்கும். 6.47-க்கு நிழல் முழுக்க விலகிவிடும். இருபது நிமிடம்தான். அதைப் பார்க்கக் கிழக்கு அடிவானம் திறந்து கிடக்க வேண்டும். தொண்டி, தேவிபட்டினம், ராமேஸ்வரம் என்று பாக் நீரிணையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற நம் கரைக்கு அது இயல்பாகவே வாய்த்திருக்கிறது. மரமோ மாடி வீடோ குறுக்கே நிற்காது.

கிரகணத்துக்கு நடை சாத்துவதும் குளிப்பதும் அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. பிள்ளைகளை மட்டும் வீட்டுக்குள் பூட்டி வைக்க வேண்டாம். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்ப்பதில் ஒரு கெடுதலும் கிடையாது. சூரிய கிரகணத்துக்குத்தான் அதற்கென்ற கண்ணாடி வேண்டும்.

எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது 2010 ஜனவரி 15 அன்று. மாட்டுப்பொங்கல், தை அமாவாசை, கங்கண சூரிய கிரகணம் மூன்றும் ஒரே நாளில் வந்தன. கிரகணத்தின் மையப் பாதை தனுஷ்கோடியை ஒட்டிப் போனது. மச்சானின் வண்டியில் தொற்றிக்கொண்டு போனேன். மதியம் ஒரு மணிக்கு மேல், சுமார் பத்து நிமிடம் சூரியன் ஒரு வளையமாக நின்றது. யாரோ ஒரு கல்லூரிப் பெண் தன் கண்ணாடியை எனக்குக் கொடுத்துவிட்டு, "கீழயும் பாருங்க அண்ணே" என்றாள். ஓலைக் கொட்டகையின் ஓட்டை வழியே மணலில் விழுந்த வெளிச்சப் பொட்டெல்லாம் வளையல் வளையலாகக் கிடந்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த மணல் தெரிகிறது. அடுத்த வருடமே ஒரு பைனாகுலர் வாங்கினேன். அப்புறம் பணம் சேர்த்து ஆறு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி.

அமாவாசையை ஒட்டிய ராத்திரிகளில் கடையை அடைத்துவிட்டு அதைக் கரைக்குக் கொண்டுபோவேன். முதலில் தெருப் பிள்ளைகள் வந்தார்கள். இப்போது வலை பின்னி முடித்துவிட்டுப் பெரியவர்களும் வருகிறார்கள். வியாழனின் நான்கு நிலாக்களைக் காட்டியபோது ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. சொல்லித் தருவது நான் மட்டும் இல்லை. ஆறாமீன் என்கிற கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் எந்த மாதம் எந்நேரம் எழும், எது விழுந்தால் விடியும் என்று அவர்கள் சொல்கிற கணக்கு என் கைப்பேசிச் செயலியில் கிடையாது. அந்தக் கணக்கு ஜிபிஎஸ் வந்த பிறகு பிறந்த பையன்களிடம் இல்லை. எழுதி வைக்கவும் ஆள் இல்லை.

தென்வானம் நமக்குக் கிடைப்பதுபோல டெல்லிக்காரர்களுக்குக் கிடைக்காது. அகத்தியர் நட்சத்திரம் இந்த மாதம் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே நன்றாக மேலேறி நிற்கிறது; லண்டனில் இருப்பவர் அதை ஊரில் இருந்தபடி ஒருநாளும் பார்க்க முடியாது. சித்திரையில் இரவு பத்து மணிக்குத் தெற்குச் சிலுவை நிமிர்ந்து நிற்கும். வடதுருவ மீனோ வடக்கே ஒன்பதரை பாகை உயரத்தில்தான். கையை நீட்டி முஷ்டி பிடித்தால், ஒரு முஷ்டி அளவு. அதுவே நம் ஊரின் அட்சரேகை என்று சொன்னதும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் துள்ளிக் குதித்தான்.

இத்தனையும் விளக்கு வெளிச்சத்தில் கரைந்துகொண்டிருக்கிறது. மீன் இறங்குகிற இடத்தில் ஹைமாஸ் விளக்கு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நடுச்சாமத்தில் மீன் பிரிக்கிற பெண்களுக்கு அது அவசியம். ஆனால் வெளிச்சம் ஏன் வானத்துக்குப் போக வேண்டும்? மேலே மூடி, தரையைப் பார்த்துத் திருப்பினால் அவர்களுக்கும் வெளிச்சம் கூடும். மாசி, பங்குனியில் முட்டையிலிருந்து வருகிற பங்குனி ஆமைக் குஞ்சுகளும் கடலை விட்டு ரோட்டுப் பக்கம் திரும்பாது.

லடாக்கின் ஹான்லேயில் 2022-இல் இருள்வான் காப்பகம் அமைத்தார்கள். அங்கே ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்து, வருகிறவர்களுக்கு வானம் காட்டுகிறார்கள். ஆர்வலர்கள் ஆண்டுதோறும் தொலைநோக்கிகளோடு கூடுகிறார்கள். நம் மாநிலத்தில் கொல்லிமலைக்கு இருள்வான் பூங்கா அறிவித்தார்கள். நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். மாதம் ஒரு ராத்திரி, அமாவாசையை ஒட்டி, ஒரு கரையில் இரண்டு மணி நேரம் கூட அனுமதியும் அந்நேரத்துக்கு விளக்கைத் தணிக்க ஏற்பாடும் போதும். உடனே எல்லோரும் தனுஷ்கோடி என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பூநாரைகளுக்கென்று கடந்த வருடம்தான் அங்கே சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். ராத்திரி கூட்டம் சேர்ப்பது நல்லதல்ல. மாலைக்கு மேல் சுற்றுலா வண்டிகளை உள்ளே விடாததும் நம் பாதுகாப்புக்குத்தான். அவரவர் ஊர்க் கரையே போதும்.

கூடிப் பார்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. பிப்ரவரி 18, புதன்கிழமை மாலை கீழக்கரையிலும் தொண்டியிலும் ரமலான் பிறை தேடிக் கரையிலும் மாடியிலும் நிற்பார்கள். அன்று பிறைக்குப் பக்கத்திலேயே புதன் கிரகமும் இருக்கும். கூட நின்று பார்க்கலாம்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் கேட்பது ஒரு சின்னக் கட்டம். ராசிபலனுக்குக் கீழேயே இருக்கட்டும், வாரம் ஒருமுறை, நான்கு வரி. வாக்கியப் பஞ்சாங்கப்படி மார்ச்சில் சனிப்பெயர்ச்சி என்று பக்கம் பக்கமாகப் போடப்போகிறீர்கள். அதோடு, மார்ச் 8 வாக்கில் சூரியன் முழுதாக இறங்கிய பிறகு மேற்கே தாழ்வாக வெள்ளியும் சனியும் ஒட்டி நிற்கும், சனி மங்கலாகத்தான் தெரியும், பைனாகுலர் இருந்தால் நல்லது என்று சேருங்கள். ஜூன் 9-ஐ ஒட்டி அதே மேற்கில் வெள்ளியும் வியாழனும் நெருங்கும். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். கணக்குப் பார்த்து எழுதித் தர நான் தயார், காசு வேண்டாம்.

வாராவாரம் முடியாவிட்டால் மார்ச் 2 காலைப் பதிப்பில் மட்டுமாவது போடுங்கள்: நாளை மாலை 6.25-க்கு நிலவு உதயம், 6.47-க்குக் கிரகண முடிவு, கிழக்குக் கரை. நாங்கள் அன்று ஆறு மணிக்கே தொலைநோக்கியோடு மணலில் இருப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவிபட்டினம் வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.