மரங்கேக்க வந்த பொண்ணு எழுதுவது

ஏற்காட்டிலும் அடிவாரத்திலும் எனக்குக் கதை சொன்னவர்களுக்கும், சோறு போட்டவர்களுக்கும், முதலில் வைதுவிட்டுப் பிறகு வழி காட்டியவர்களுக்கும் வணக்கம்.

தை கடைசியில் மலை ஏறினேன், பங்குனி முடிகையில் இறங்கினேன். எனக்கு அறை கொடுத்த காபித் தோட்டத்தில் இதற்கு ‘ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சி’ என்று பெயர். ஓர் ஓவியரை வரவழைத்து, தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுத்து, நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார் என்று விட்டுவிடுவார்கள். மரங்களைப் பற்றி மக்கள் மனதில் வைத்திருக்கும் சொந்தக் கதைகளைக் கேட்டு, துணியில் எழுதித் தொங்கவிடுவதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை. நாகலூர் டீக்கடையில் இதை நான் விளக்கி முடித்ததும், கடை அண்ணன் பால் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “சரிங்க, கன அடிக்கு எவ்வளவு போடுவீங்க?”

அவர் மேல் தப்பில்லை. கையில் நோட்டோடு வந்து மரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்களில் மலைக்காரர்களுக்குத் தெரிந்தது இரண்டே வகை. ஒன்று வனத்துறை, இன்னொன்று சில்வர் ஓக் வாங்க வரும் வியாபாரி. துணி அளக்க நான் வைத்திருந்த டேப்பும் சேர்ந்து என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. முதல் வாரம் எனக்குக் கிடைத்ததெல்லாம் சுற்றளவும் விலையும்தான். பிறகு அதே அண்ணன், டீ குடிக்க வருகிற ஒவ்வொருவரிடமும், “இந்தப் பொண்ணு மரம் வாங்க வரல, மரத்தக் கேக்க வந்திருக்கு” என்று சொல்ல ஆரம்பித்தார். அன்றிலிருந்து எனக்கு மரங்கேக்கற பொண்ணு என்று பெயர். அண்ணே, என் முதல் நன்றி உங்களுக்கு. டீக்கணக்கு 340 ரூபாய் பாக்கி இருப்பதும் நினைவில் இருக்கிறது.

இரண்டாவது நன்றி, மிளகு பறிக்கிற அக்காவுக்கு. “உங்களுக்குப் பிடித்த மரம் எது, அதைப் பற்றி ஒரு கதை சொல்லுங்கள்” என்று பள்ளிக்கூடத்து வினாத்தாள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். ஒற்றை மூங்கில் ஏணியில் நின்றபடி அந்த அக்கா கீழே பார்த்துச் சொன்னார்: “மரத்துக்கு என்ன கதை? நட்டாங்க, நிக்குது. புள்ளைக்குத் தூளி எங்க கட்டுனேன்னு கேளு.” கேட்டேன். பலா மரத்தின் தாழ்ந்த கிளையில் சேலையைக் கட்டி மகனைப் போட்டுவிட்டுப் பழம் பறித்தது, குரங்கு வந்து தூளியை எட்டிப் பார்த்தது, கூடை உருண்டு காபிப் பழமெல்லாம் சிதற இவர் ஓடி வந்தது என்று ஒரு மணி நேரம் போயிற்று. அந்த மகன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். “ஃபோன் பண்ணுனா பலாப்பழம் விழுந்துச்சான்னுதான் கேப்பான், தூளியப் பத்திக் கேக்க மாட்டான்.” அதன் பிறகு யாரிடமும் நான் மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கே தூங்கினீர்கள், எதற்கு அடி வாங்கினீர்கள், யார் வெட்டினார்கள் என்று கேட்டேன். மரம் தானாக உள்ளே வந்தது.

தோட்டத்தில் முன்பு கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த பெரியவரையும் சொல்ல வேண்டும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்ததில் தொடங்கி, அதற்கு நிழலாக ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் வந்தது, அதன் மேல் மிளகுக் கொடி ஏறியது வரை ஒரே மூச்சில் சொன்னவர் அவர். உங்கள் சொந்தக் கதை ஏதாவது என்றால், “சில்வர் ஓக்குக்குக் கதை கிடையாதும்மா, கணக்குதான்” என்றார். நாற்பது வருடம் மரங்களுக்கு நம்பர் போட்ட கை. அவர் சொன்னதை அப்படியே ஒரு துணியில் எழுதினேன். கடைசி நாள் துணிகளைப் பார்க்க வந்தவர்கள் அதிக நேரம் நின்று படித்தது அதைத்தான்.

இனி மன்னிப்பும் நன்றியும் கலந்த பகுதி. மாசி மாதம் ஒரு ராத்திரி, தூக்கக் கலக்கத்தில் ரெக்கார்டரின் மெமரி கார்டை ஃபார்மட் செய்துவிட்டேன். 17 பேர் பேசியது போயிற்று. யார் மேலும் பழி போட வழியில்லை, விரல் என்னுடையது. மறுநாள் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மூன்று பேர் கோபித்துக்கொண்டார்கள், அது நியாயம்தான். மற்ற 14 பேரும் மறுபடி சொன்னார்கள்.

அதில் ஒருவர் மரமங்கலம் பக்கத்து மலையாளிப் பாட்டி. (வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே மலையாளி என்றால் கேரளாக்காரர் இல்லை, மலையை ஆள்கிற குடி. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்று சொல்வார்கள், பேச்சு தமிழ்தான்.) முதல் தடவை பாட்டி சொன்னது, வரப்பில் நின்ற கமலா ஆரஞ்சு மரம் நோய் கண்டு பட்டுப்போன கதை. அந்த மரம் யாருடையது என்று அவருக்கும் அண்ணனுக்கும் சண்டை, பேச்சுவார்த்தை இல்லை. மரம் போன பிறகு சண்டையும் போயிற்று. இரண்டாவது தடவை, எனக்கு ராகிக் களியை வைத்துவிட்டு, ரெக்கார்டரைத் தொட்டுப் பார்த்து, “ஓடுதா?” என்று கேட்டுக்கொண்டார். “நோவு இல்ல கண்ணு. நாந்தான் தினம் ராத்திரி உலைத் தண்ணிய வேருல ஊத்துனேன். அந்த வருசம் ஊருல பாதி மரம் நோவுல பட்டுச்சு. இதையும் நோவுன்னுட்டாங்க.” கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்தார். “மொதல்ல சொன்னது ஊருக்குச் சொல்றது. இது நெசம்.” எழுதலாமா பாட்டி என்றேன். “எழுது. எங்கண்ணன் போயி ஒம்பது வருசமாச்சு. அவனுக்குப் படிக்கவும் தெரியாது.”

கார்டு அழியாமல் இருந்திருந்தால் பொய்க் கதையைத்தான் அழகாக எழுதித் தொங்கவிட்டிருப்பேன்.

துணி தந்தது அம்மாபேட்டையில் தறி ஓட்டும் என் சித்தப்பா. வேட்டித் துண்டுகள் மொத்தம் 41, காசு வாங்கவில்லை. செவ்வாய்ப்பேட்டை பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த ஆணியும் தகரமும் ஒரு பை நிறையச் சும்மா கொடுத்த பாய்க்கும் நன்றி. மை இப்படித்தான் செய்தோம்: துருவை வெல்லத் தண்ணீரில் போட்டு மூன்று வாரம் மூடி வைப்பது, துணியைக் கடுக்காய்த் தூள் கலந்த எருமைப் பாலில் நனைத்துக் காய வைப்பது. மூங்கில் குச்சியால் எழுதும்போது எழுத்து வெளிறித்தான் விழும். கண் முன்னாலேயே கறுத்துக்கொண்டு வரும். கடுக்காயும் இந்த மலை மரம்தானே என்று பொறுக்கிக் கொண்டுவந்து கொட்டிய பிள்ளைகளே, உங்கள் கை மஞ்சள் கறை போய்விட்டதா? அம்மாக்கள் என்னைத் திட்டியது காதில் விழுந்தது.

கடைசி நாள் காபிக் களத்தைச் சுற்றியிருந்த மரங்களில் துணிகளைத் தொங்கவிட்டோம். நான் சுத்தியலோடு நின்றதைப் பார்த்து, “ஆணி அடிச்சா நானே எல்லாத்தையும் அவுத்துருவேன்” என்று அதட்டிய மேஸ்திரி ஐயாவுக்கு நன்றி. சாக்குச் சணலைப் பிரித்து 41 துணிகளையும் கட்டியது அவரும் அவர் மனைவியும்தான். குப்பனூர் வழி பஸ் டிரைவர் அண்ணன் தோட்டத்து வாசலிலேயே ஆட்களை இறக்கிவிட்டார். எந்த விதியில் அதற்கு இடம் இருக்கிறதோ, நான் கேட்கவில்லை.

பாட்டியும் வந்தார். எழுத்து தெரியாது. “எங்கத எது?” என்றார். காட்டினேன். விரல் வைத்து வரிகளை எண்ணினார். பன்னிரண்டு. “அத்தனை நாள் ஊத்துனதுக்கு இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்துத் துணிக்குப் போய் அதையும் எண்ணினார்.

துணிகள் தோட்டத்து ஆபீஸ் அறையில் மடித்து வைத்திருக்கின்றன. அவரவர் கதையை அவரவர் எடுத்துக்கொள்ளலாம். எல்லாக் கதைகளையும் நோட்டில் எழுதி டீக்கடையில் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொண்ட மூன்று பேருக்கும் அதன் கடைசியில் பக்கங்கள் விட்டிருக்கிறேன்.

பாட்டி, களி கொடுத்தனுப்பிய உங்கள் எவர்சில்வர் தூக்கு என்னிடம்தான் இருக்கிறது. மூடி கொஞ்சம் நசுங்கிவிட்டது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
மரங்கேக்கற பொண்ணு
அம்மாபேட்டை, சேலம்