விறகு காயாமல் அடுப்பு வாங்கி என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்கம்பி எட்டாத காட்டுக்குள் வீடு கட்டிக் குடியேறுவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. சோலார் பலகை, பேட்டரி, இன்வெர்ட்டர், கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பு என்று வாங்க வேண்டியதையெல்லாம் விரிவாகச் சொல்லியிருந்தீர்கள், நல்லது, ஆனால் அந்த அடுப்புக்குள் எதைப் போடப் போகிறோம் என்ற கேள்விக்கு மட்டும் சுற்றிலும் மரம்தானே என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கடுங்குளிர் அடிக்கும் காட்டில் விறகை நம்பி வாழ்கிறவர்கள் அந்த வரியைப் படித்தால் ஒன்று சிரிப்பார்கள், இல்லையென்றால் எரிச்சல்படுவார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வெட்டிய அன்றைக்கு மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அதைத் தூக்கி அடுப்பில் போட்டால் நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். கொதிநிலைக்கு வந்த ஒரு கிலோ தண்ணீர் ஆவியாவதற்கே 2,260 கிலோஜூல் வெப்பம் தேவை, அந்தச் சூடு அத்தனையும் ஆவியோடு புகைபோக்கி வழியே வெளியே போய்விடும். அறை சூடேறாது, கண்ணாடி கறுத்துப் போகும், கட்டையின் முனையில் நுரை தள்ளும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அதை எரிக்கலாம். பிளந்து அடுக்கிய மென்மரத்துக்கு ஒரு முழுக் கோடை போதும். ஓக் போன்ற கெட்டி மரத்துக்கு இரண்டு வருடம்கூட ஆகும். ஆக, இந்தக் குளிருக்கு எரிக்கப் போவதைப் போன வருடமே வெட்டியிருக்க வேண்டும். குடியேறுகிற முதல் வருடம் காய்ந்த விறகை வெளியிலிருந்து வாங்கத்தான் வேண்டியிருக்கும், இதை யாரும் சொல்வதில்லை.

உருட்டுக்கட்டையாகப் போட்டு வைத்தால் காயாது. பட்டை ஈரத்தை வெளியே விடாது, இரண்டு முனைகள் வழியாகத்தான் மெல்ல மெல்லப் போகும். அதனால் வெட்டிய கையோடு பிளந்துவிட வேண்டும். தரையில் படாமல் மரச்சட்டங்களின் மேல் அடுக்கி, மேலே மட்டும் கூரை, நாலு பக்கமும் காற்று. தார்ப்பாயால் இறுக்கிச் சுற்றி மூடுகிறார்கள் பாருங்கள், அதைவிட மழையில் திறந்து போட்டால்கூடத் தேவலை, உள்ளே பூஞ்சை பிடித்து நாறிவிடும். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு ஊசி வைத்த ஈரப்பத மீட்டர் கிடைக்கிறது. அதை வெளிப்பக்கத்தில் குத்திப் பார்த்து ஏமாறக் கூடாது, கட்டையை அப்போதே பிளந்து உள்முகத்தில் குத்த வேண்டும். மீட்டர் இல்லையா, இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீர் என்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று இருக்கும்.

எந்த மரம் நல்ல விறகு என்று சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றாகக் காய்ந்துவிட்டால் கிலோவுக்குக் கிலோ எல்லா மரமும் ஏறத்தாழ ஒரே சூட்டைத்தான் தரும், சுமார் 4 கிலோவாட் மணி. கெட்டி மரம் குறைந்த இடத்தில் அதிகம் அடங்கும், தணல் நெடுநேரம் நிற்கும். லேசான மரம் சட்டென்று பற்றும். இரண்டும் இருந்தால் நல்லது, அவ்வளவுதான். பெயின்ட் அடித்த பலகையும் பூச்சிமருந்து ஏற்றிய மரமும் மட்டும் வேண்டாம். அப்படிப்பட்ட பழைய மரங்கள் சிலவற்றில் ஆர்செனிக் இருக்கும், அது புகையிலும் சாம்பலிலும் வரும்.

அடுத்தது புகைபோக்கி. ஈர விறகு, அல்லது அடுப்புக்குள் காற்று போகும் வழியை அடைத்துவிட்டு இரவு முழுக்கப் புகைய விடுவது, இந்த இரண்டும்தான் அதற்கு எமன். முழுதாக எரியாத புகை குழாயின் குளிர்ந்த பகுதியில் படிந்து தாராக இறுகும். ஒரு நாள் நெருப்பு நாக்கு அதைத் தொட்டால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும், வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் குழாய் வெடிக்கலாம். அடுப்பின் காற்றுவழியை மூடிவிட்டு, வீட்டில் இருப்பவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தீயணைப்புக்குச் சொல்வதுதான் வழி. அந்த நிலைமையே வராமல் இருக்க வருடத்துக்கு ஒரு முறையாவது பிரஷ் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும், விறகைத் தவிர வேறு சூடு இல்லாத வீட்டில் குளிர்காலத்தின் நடுவிலும் ஒரு தடவை. உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு: குழாய் கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, அதோடு 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி அதிகம். இதைவிடக் குட்டையாக வைத்தால் காற்று திரும்பும்போது புகை வீட்டுக்குள் இறங்கும்.

பெரிய அடுப்பாக வாங்கினால் நல்ல சூடு கிடைக்கும் என்று நினைப்பதும் தப்பு. சின்ன மர வீட்டுக்கு 5 கிலோவாட் அடுப்பே பல சமயம் அதிகம். பெரிதாக இருந்தால் அறை தாங்காமல் காற்றை அடைத்து வைப்பார்கள், பிறகு அதே புகைச்சல், அதே தார். சின்ன அடுப்பில் நன்றாகக் கொழுந்துவிட்டு எரிப்பதே மேல். அடுப்பு வாங்கும் காசில் ஒரு பங்கைக் கூரையடியில் வெப்பம் தடுக்கும் பஞ்சு போடுவதற்கும் கதவு ஜன்னல் இடுக்கை அடைப்பதற்கும் செலவழித்தால் விறகும் குறைவாகத்தான் வேண்டியிருக்கும். அடைக்கும்போது அடுப்புக்கு மூச்சுவிட வெளிக்காற்று வரும் வழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

மின்சார ஹீட்டர் வைத்துக்கொள்ளலாமே என்று உங்கள் கட்டுரையில் ஒரு இடத்தில் வருகிறது. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரி ஒன்றில் இருப்பது 1.2 கிலோவாட் மணி. அது நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக கையில் 0.6. ஒரு கிலோவாட் ஹீட்டர் அதை அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே தின்று தீர்த்துவிடும். காய்ந்த விறகில் அதே அளவு சூடு வெறும் 150 கிராமில் இருக்கிறது, அடுப்பில் ஆகும் சேதாரத்தைச் சேர்த்தாலும் கால் கிலோ தாண்டாது. சோலார் விளக்குக்கும் போனுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் என்று இருக்கட்டும். அதுவும் காட்டில் மர நிழல் பலகையின் ஒரு ஓரத்தில் விழுந்தாலே உற்பத்தி படுத்துவிடும், குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக வேறு வரும். லித்தியம் பேட்டரி வைப்பவர்கள் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லுக்குள் நிரந்தரச் சேதம் வரும், ஆகவே அது வெளிக் கொட்டகையில் இருக்கக் கூடாது.

புகையை வெளியேற்றும் குழாய் இல்லாத கேஸ் ஹீட்டரும் படத்தில் இருந்தது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் நீராவியாக அறைக்குள்ளேயே சேரும். சுவரில் வேர்வை வழியும், துணிமணியில் பூஞ்சை வரும். அதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாடை கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று ஆரம்பிக்கும், தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. கரித் தணலை இரும்புச் சட்டியில் அள்ளி உள்ளே வைத்துக் குளிர்காய்வதும் ஜெனரேட்டரைத் திண்ணையில் ஓட்டுவதும் இதனால்தான் கூடவே கூடாது. படுக்கிற அறையில் இதற்கென்று உள்ள அலாரம் வேண்டும், சாதாரணப் புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது. அதற்கும் ஆயுள் உண்டு, பின்பக்கம் தேதி போட்டிருப்பார்கள். இது உங்கள் பட்டியலில் இல்லவே இல்லை. முதலில் வர வேண்டியது இதுதான்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பிளக்கிற கோடாலியும் வெட்டுகிற கோடாலியும் வேறு, மெல்லிய வாய் உள்ளது கட்டைக்குள் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும். செயின்சா, அதாவது மோட்டாரில் ஓடும் சங்கிலி ரம்பம், வாங்கினால் கூடவே வட்ட அரம், ஹெல்மெட், வெட்டுத் தாங்கும் கால்சட்டை. அந்தக் கால்சட்டையில் உள்ள இழைகள் சங்கிலியைச் சுற்றிச் சிக்க வைத்து நிறுத்திவிடும், அதனால் கால் தப்பும். கூர் இருந்தால் சங்கிலி சிராய் தள்ளும், மாவாகத் தூள் கொட்டினால் அரம் போட வேண்டிய நேரம். சங்கிலி ஓடும் நீளத் தகட்டின் மேல்நுனி மரத்தில் பட்டால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும், ஆகையால் தோளுக்கு மேல் தூக்கி வெட்டக் கூடாது, ஆள் துணை இல்லாமல் மரம் சாய்க்கவும் கூடாது.

அப்புறம், கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் அலாரத்தையும் புகைபோக்கி அளவையும் தனியாகக் கட்டம் கட்டிப் போடுங்கள், சாம்பலுக்கும் ஒரு வரி கொடுங்கள். அணைந்த மாதிரி தெரியும் சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிளாஸ்டிக் வாளியில் அள்ளி வாசல் பலகைமேல் வைத்தால் வீடே போகும். மூடி போட்ட இரும்பு வாளி, வீட்டை விட்டுத் தள்ளி, கல்தரையில்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்